எடைக்கருவியை நம்பி ஓடாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை தம் தாயாரை அழைத்து வருபவர் அவர். வயது நாற்பத்தாறு. தாயாரின் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் பரிசோதனை, கால் பரிசோதனை அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருப்பார். சென்ற ஆண்டு ஒரு நாள், "உங்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே" என்று நாங்கள்தாம் சொன்னோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 விழுக்காடு; இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"எடையைக் குறையுங்கள், ஓடத் தொடங்குங்கள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினோம். அவரும் சொன்னபடி செய்தார். புதுக் காலணி வாங்கினார். முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடினார். இரண்டாம் வாரம் கீழ்க்கால் எலும்பின் ஓரமாக வலி தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காம் வாரம் வரை ஓடிவிட்டு எடைக்கருவியில் ஏறினார். முந்நூறு கிராம் கூடியிருந்தது. அன்றே காலணி அலமாரிக்குள் போயிற்று. அடுத்த முறை வந்தபோது, "எனக்கு ஓட்டம் ஒத்துவரவில்லை, டாக்டர்" என்றார். அருகில் அமர்ந்திருந்த தாயார், "ஒரு மாசம் ஓடியும் ஒரு கிலோகூடக் குறையலையே" என்று வருந்தினார். (அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம்.)

தவறு அவருடையதன்று, எங்களுடையது. ஓட்டம் ஒரு மருந்து என்றால், அதன் அளவையும், அதை எப்படித் தொடங்க வேண்டும் என்பதையும், அது வேலை செய்கிறது என்பதை எதைக் கொண்டு அறியலாம் என்பதையும் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டு, "காய்ச்சல் குறைந்ததா?" என்று எவரும் கேட்பதில்லை. ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு, "எத்தனை கிலோ குறைந்தது?" என்று மட்டும் கேட்பதும் ஏறத்தாழ அத்தகைய கேள்விதான். அந்தக் கேள்வியே பலரை நான்காம் வாரத்தில் நிறுத்திவிடுகிறது என்பது எங்கள் கருத்து. ஓடுங்கள், ஆனால் முதல் மூன்று மாதங்களுக்கு எடைக்கருவியை நீதிபதியாக அமர்த்தாதீர்கள். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, நம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 75 கிலோ எடையுள்ளவர் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 225 கிலோகலோரி. வாரத்தில் மூன்று நாள் ஓடினால் 675. ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி செலவாக வேண்டும். அதாவது, உணவில் எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டத்தை மட்டும் நம்பினால் அந்த ஒரு கிலோவுக்குப் பதினொரு வாரங்களுக்கு மேல் ஆகும். தொலைவாகச் சொன்னால், மாம்பலத்திலிருந்து மேல்மருவத்தூரையும் கடந்து ஓடினால்தான் ஒரு கிலோ கரையும். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சாப்பிட்டால், அன்றைய ஓட்டத்தின் கணக்கு பத்து நிமிடத்தில் நேராகிவிடும்.

தொடக்கத்தில் எடை சிறிது கூடுவதும் இயல்பே. புதிதாக உழைக்கத் தொடங்கும் தசைகள், அடுத்த நாள் உழைப்புக்கென்று மாவுச்சத்தைத் தம்முள் சேமித்துக்கொள்கின்றன. அதனுடன் நீரும் சேர்ந்து தங்குகிறது. நம் நண்பரின் முந்நூறு கிராம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். உடல் சரியான திசையில் திரும்பியதற்கான அடையாளத்தையே அவர் தோல்வி என்று படித்துவிட்டார்.

எடை குறைவது பெரும்பாலும் சமையலறையில் நடக்கிறது. உடல் வலுப்பெறுவது சாலையில் நடக்கிறது. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தால் இரண்டின் மீதும் நம்பிக்கை போய்விடும். தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுவது முதல் வேலையைச் செய்யும். ஓட்டம் செய்யும் வேலை வேறு.

இரண்டு மருத்துவர்களின் படம்

2004ஆம் ஆண்டு 'தி லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே வெளியிட்டுக்கொண்டார்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. எடைக்கருவியின் பார்வையில் இருவரும் சமம். ஆனால் உடலில் இருந்த கொழுப்பை அளந்தபோது, யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. வேறுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்றையும் அவர்கள் நகைச்சுவையாகக் குறிப்பிட்டிருந்தார்கள்: யுட்கின் மாரத்தான் ஓடுபவர், யாஜ்னிக்கின் முதன்மையான உடற்பயிற்சியோ, காலையில் மருத்துவமனையில் மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது.

அந்தப் படம் மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு பாடம். நாற்பதைக் கடந்த எங்களுள் பலருடைய உடற்பயிற்சியும் அந்த மின்தூக்கி ஓட்டத்தைத் தாண்டியதில்லை. நோயாளிகளுக்கு நடையை எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தோம். எங்கள் இடுப்புச் சுற்றளவை நாங்களே அளந்து பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தியர்களின் உடலில், ஒல்லியாகத் தோன்றுவோருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு மிகுதி. ஆகவேதான் நமக்கான அளவுகோல் சற்றுக் கடுமையானது. உடல் நிறை குறியீடு 23ஐத் தொட்டாலே மிகை எடை. 25ஐத் தொட்டால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, பெரியவர்களுள் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகச் சொன்னது. ஒரு காலத்தில் மாம்பலம் என்றாலே கொசுவும் யானைக்கால் நோயும் நினைவுக்கு வரும். அந்த நோயைக் கொசு கொண்டு வந்தது. இன்றைய நோயை நாற்காலி கொண்டு வருகிறது.

நம் ஊரிலேயே கிடைத்த சான்று

எடை குறையாமலேயே பயன் கிடைக்குமா என்ற ஐயத்துக்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாட்டுடன் நாள்தோறும் அரை மணி நேர விரைவு நடை. மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. நடந்தவர்கள் பிரிவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் பெற்ற பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். கவனிக்க வேண்டியது இதுதான்: நடந்தவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடை நின்ற இடத்திலேயே நின்றது; நோய் பின்வாங்கியது.

காரணம் எளியது. உழைக்கும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு நாள் பயிற்சியின் இந்த விளைவு ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள்கள் நீடிக்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் ஓடுவதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு கிலோமீட்டர் ஓடுவது மேல். இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, ஓய்வு நிலை நாடித்துடிப்பு குறைகிறது, இரத்த அழுத்தம் சிறிது இறங்குகிறது, கல்லீரலில் படிந்த கொழுப்பு கரையத் தொடங்குகிறது, உறக்கம் ஆழமாகிறது. இவற்றுள் ஒன்றையும் எடைக்கருவி காட்டாது.

எவ்வளவு ஓட வேண்டும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் 55,137 பேரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 30 விழுக்காடும், இதய இரத்தநாள நோயால் நேரும் இறப்பு 45 விழுக்காடும் குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் நன்மை தெரிந்தது. ஓடுகிறவர்கள் பிற பழக்கங்களிலும் கட்டுப்பாடு உடையவர்களாக இருக்கக்கூடும். ஆகவே முழுப் பெருமையும் ஓட்டத்துக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிறிய அளவு வீணன்று என்பதற்கு இந்தச் சான்று போதும்.

முழங்கால் தேய்ந்துவிடாதா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குவது உண்மையே. ஆனால் குருத்தெலும்பு இயந்திரத்தின் உதிரிப் பாகம் அன்று. அளவான சுமைக்கு அது பழகிக்கொள்ளும். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களுள் 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாமல் அமர்ந்திருந்தவர்களுக்கு அது 10.2 விழுக்காடு. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களுக்கோ 13.3 விழுக்காடு. ஓடாமையும் தீங்கு, மிகையோட்டமும் தீங்கு என்பதை இந்த மூன்று எண்களும் சேர்ந்து சொல்கின்றன.

தமிழ்நாட்டில் பலரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மேயராக இருந்து, 2021இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், 2004இல் சாலை விபத்தொன்றில் முழங்காலில் கடுமையான காயமடைந்தவர்; சர்க்கரை நோயும் உள்ளவர். பின்னாளில் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தான்களை நூற்றுக்கும் மேல் ஓடி முடித்தார். அவருடைய கதையைக் கேட்டு உற்சாகம் கொள்வோர் பலர். உற்சாகம் நல்லது, ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்திலிருந்து நாம் தொடங்கக்கூடாது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தமிழக அரசு அறிமுகப்படுத்தியபோது, அத்திட்டத்தின் பெயர் 'நடப்போம், நலம் பெறுவோம்' என்றே அமைந்தது. ஓட்டத்தின் முதல் பாடமும் நடைதான்.

மூட்டுத் தேய்வு ஏற்கெனவே உள்ளவர்களும் உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களும் நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றில் தொடங்கலாம். அவர்களுக்கு ஓட்டம் கட்டாயமில்லை. உழைப்புத்தான் கட்டாயம்.

பன்னிரண்டு வாரங்கள்

நம் நண்பருக்கு இரண்டாம் முறை எழுதிக் கொடுத்த திட்டத்தை இங்கே தருகிறோம். ஓட்டம் வாரத்தில் மூன்று நாள் மட்டும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் விரைவு நடை. ஓட்டம் கூடாது.

3, 4ஆம் வாரங்கள்: ஐந்து நிமிடம் நடை; பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை.

5, 6ஆம் வாரங்கள்: இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முறை.

7, 8ஆம் வாரங்கள்: மூன்று நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு முறை.

9, 10ஆம் வாரங்கள்: ஐந்து நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, நான்கு முறை.

11, 12ஆம் வாரங்கள்: இருபது நிமிடம் தொடர் மெல்லோட்டம். முடியாவிட்டால் முந்தைய வாரத்தையே திரும்பச் செய்யலாம். வாரத்தைத் திரும்பச் செய்வது தோல்வியன்று.

வேகத்தை அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல முடிய வேண்டும். பாட்டுப் பாட மூச்சுப் போதக்கூடாது. பேச முடியவில்லையெனில் வேகம் மிகுதி. நடப்பவர் உங்களை முந்திச் சென்றாலும் கவலை வேண்டாம். மூச்சும் இதயமும் ஒரு மாதத்திலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற மூன்று மாதங்களுக்கு மேலாகும். நண்பரின் கீழ்க்கால் வலி, முந்தி ஓடிய மூச்சுக்கும் பின்தங்கிய எலும்புக்கும் இடையே எழுந்த வழக்குத்தான்.

ஓடாத நாள்களில் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பதினைந்து முறை எழுந்து அமருங்கள். மாடிப்படியின் விளிம்பில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குதிகாலைப் பதினைந்து முறை உயர்த்தி இறக்குங்கள். முழங்காலைக் காப்பது தொடைத் தசையே. காலணி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. விரல்களின் முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருந்து, அடிப்பகுதி தேயாமல் இருந்தால் போதும்.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆறு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அக்டோபர், நவம்பரில் தெருவில் நீர் தேங்கினால், அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. அந்த நாள்களில் வீட்டு மாடியில் நடந்தால் போதும். போகிப் பண்டிகையன்று காலைப் புகையில் ஓட வேண்டாம். காய்ச்சல் வந்து போனபின் ஒரு வாரமாவது ஓய்வு கொடுத்துவிட்டு, நடையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். டெங்கு போன்ற கடும் காய்ச்சலாக இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

இதய நோய் உள்ளவர்கள், இரத்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரையோ உயர் இரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர்கள் ஆகியோர் மெல்லோட்டம் தொடங்கும் முன் மருத்துவரைக் காண வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் அவ்வாறே. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் ஓட்டத்தின்போதோ அதற்குப் பிறகோ சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். சட்டைப்பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதற்காக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஓடும்போது மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே நில்லுங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்துக் காலம் கடத்தியவர்களை நாங்கள் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறோம். அவர்களுள் சிலரை மட்டுமே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது.

வீட்டில் யாருக்கு அந்த அரை மணி?

இந்த இதழைப் படிப்போருள் பாதிப் பேர் நோயாளிகள் அல்லர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும்.

மேற்கு மாம்பலத்தின் காலை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஐந்து மணிக்குப் பால் உறை வருகிறது. கோயில் ஒலிபெருக்கி தொடங்குகிறது. வாசல் தெளித்துக் கோலம் விழுகிறது. ஏழரைக்குள் மாமனாருக்கு இன்சுலின், பிள்ளைக்குச் சிற்றுண்டி, கணவருக்கு மதிய உணவு என்று எல்லாம் முடிந்தாக வேண்டும். இவ்வளவையும் செய்கிற பெண்மணியிடம், "நீங்களும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்" என்று சொன்னால் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் பொருளை நாங்கள் நெடுங்காலம் புரிந்துகொள்ளவில்லை. மனவுறுதி இல்லாததால் அவர் நடக்காமல் இருக்கவில்லை. அந்த அரை மணியை அவருக்குக் கொடுக்க வீட்டில் எவரும் முன்வரவில்லை.

பார்த்துக்கொள்பவரின் உடல்நலமும் நோயாளியின் மருத்துவச் சீட்டில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர் விழுந்தால் விழுவது இருவர். ஆகவே வீட்டார் அமர்ந்து பேசி, வாரத்தில் மூன்று காலைகளை ஒருவருக்கும் மூன்று காலைகளை மற்றவருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் காபி போடுவது யார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்பதை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். "வீட்டு வேலையே போதும், தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்போருக்கும் ஒரு விடை உண்டு. பெரும்பாலான வீட்டு வேலை உடலைச் சோர வைக்கிறது. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு, இடைவிடாமல் இருபது நிமிடம் இதயத்தை உழைக்க வைப்பதில்லை.

தெருவும் சிறிது உதவ வேண்டும். சென்னையில் ஒரு நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் விழிப்புணர்வுப் பணி செய்தபின், குடியிருப்போரே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் அங்கே தொடக்கத்தில் 14.2 விழுக்காடு, சில ஆண்டுகளுக்குப் பின் 58.7 விழுக்காடு. அறிவுரை மட்டும் அந்த மாற்றத்தைத் தந்திராது. நடக்க ஓர் இடமும் கிடைத்தது. ஏரி போய்ப் பெயர் மட்டும் எஞ்சிய லேக் வியூ சாலையும், ஆரிய கௌடா சாலையும் காலை ஒன்பது மணிக்கு நடப்பவருக்கு ஏற்றவையல்ல. ஐந்தரை மணிக்கு அவை வேறு சாலைகள். தனியே போகத் தயங்கும் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து போகலாம். இரயில் பாதையைக் கடந்தால் தியாகராய நகரில் நடேசன் பூங்கா இருக்கிறது. 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட மாம்பலம் ஆகாய நடைபாதையின் படிகளும் பயிற்சிக் களம்தான். நடைமேடையில் வண்டி நிறுத்தாமல் இருப்பது, நாம் ஒவ்வொருவரும் அண்டை வீட்டு இதயத்துக்குச் செய்யும் சிறு உதவி.

எதை அளப்பது?

எடைக்கருவி வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது? நான்கு அளவுகளைக் குறித்து வைக்கச் சொல்கிறோம். மாதம் ஒருமுறை, தொப்புள் உயரத்தில் இடுப்புச் சுற்றளவு. வாரம் ஒருமுறை, படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிட நாடித்துடிப்பு. மாடிப்படி மூன்று தளம் ஏறியபின் மூச்சு அடங்க ஆகும் நேரம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் இரத்தப் பரிசோதனை. எடையையும் பார்க்கலாம், மாதம் ஒருமுறை, கடைசியாக.

நம் நண்பர் பன்னிரண்டு வாரத் திட்டத்தைப் பதினாறு வாரத்தில் முடித்தார். இடையே மழையும் தாயாரின் காய்ச்சலும் வந்து போயின. ஐந்தாம் மாதம் வந்தபோது இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர், சர்க்கரை 5.8 விழுக்காடு. எடை குறைந்தது ஒன்றரைக் கிலோ மட்டுமே. 90ஐ எட்ட இன்னும் தொலைவு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அவர் ஓடுகிறார். மற்ற மூன்று நாள் அவர் மனைவி நடக்கிறார். அந்த மூன்று காலைகளிலும் காபி போடுவது அவர்.

தாயார் இம்முறையும் எங்களிடம் கேட்டார்: "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு, டாக்டர்?"

நாங்கள் விடை சொல்லுமுன் மகனே சொல்லிவிட்டார்: "அதை விடும்மா. உன்னைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கு மூணு மாடியும் படியேறித்தானே வந்தேன், பார்த்தியா?"

தாயார் மின்தூக்கியில் வந்தார் என்பதையும், அவருடைய சக்கர நாற்காலியையும் குறிப்பேட்டையும் தூக்கிக்கொண்டு மகன் படியேறி வந்தார் என்பதையும் செவிலியர் பிறகு சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை.